அடைக்கலப் பொருளாகிய கணக்கேடு

வாணிகம் என்பது கொள்வதும் கொடுப்பதும் மட்டுமன்று; கொண்டதையும் கொடுத்ததையும் மறவாது குறித்து வைப்பதுமாம். சரக்கறை எரிந்துபோன வணிகன் கடன் பட்டேனும் மீண்டும் சரக்கு நிரப்பிவிடுவான். கணக்கேடு எரிந்துபோனவனோ, தனக்கு வரவேண்டியது யாரிடம், தான் கொடுக்க வேண்டியது யாருக்கு என்பதையே அறியாதவனாகிறான். ஆதலினாலேயே பழைய வணிகர் பணம் வைத்த இரும்புப் பெட்டியிலேயே கணக்குப் புத்தகத்தையும் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டனர்.

இன்று அக்கணக்கேடு கடையை விட்டு நெடுந்தூரம் சென்றுவிட்டது. கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் இருக்கும் ஒரு வர்த்தக நிலையத்தின் பற்றுவரவும் சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளர் விபரமும் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ, அவ்வர்த்தகர் ஒருநாளும் கண்டிராத கட்டிடம் ஒன்றிலே இருக்கக்கூடும். இதனையே மேகக் களஞ்சியம் என்கிறோம். தொலைபேசிப் பொறியியலாளர் தம் வரைபடங்களில், இடையே கிடக்கும் கம்பிகளின் சிக்கல்களை விரித்து வரையாமல் ஒரு மேக வடிவத்தால் மூடிக் காட்டுவது வழக்கம். அவ்வழக்கிலிருந்தே இப்பெயர் வந்தது. பெயர் மேகமாயினும், பொருள் மண்ணிலே கட்டிய கட்டிடத்தில், மின்சாரத்தால் இயங்கும் வட்டுகளிலேதான் இருக்கின்றது. இக்களஞ்சியம் எவ்வாறு தோன்றியது, வணிகர் அதனை எவ்வாறு பயன்படுத்துகின்றனர், அடைக்கலம் கொடுத்தவருக்கு எஞ்சி நிற்கும் கடமை யாது என்பனவற்றை இன்றைய பேச்சில் நோக்குவோம்.

தன் கணக்கைப் பிறருடைய இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் மேகத்துக்கு மிக முற்பட்டது. இங்கிலாந்திலே தேநீர்ச் சாலைகள் பலவற்றை நடத்திவந்த லயன்ஸ் கம்பனி, தன் கணக்கு வேலைக்காக லியோ என்னும் கணினியைத் தானே அமைத்தது. 1951ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, அக்கம்பனியின் வெதுப்பகங்களிற் செய்யப்பட்ட பண்டங்களின் பெறுமதியை அது கணக்கிட்டது. வணிகத்தின் அன்றாடக் கருமத்துக்குக் கணினி பயன்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவென்பர். சில ஆண்டுகளுக்குள், போர்ட் மோட்டார்க் கம்பனியின் தொழிலாளர் சம்பளத்தையும் லியோ கணித்துக் கொடுத்தது. மோட்டார் வண்டி செய்கின்ற கம்பனி தன் சம்பளக் கணக்கைத் தேநீர்க் கம்பனியிடம் அனுப்பிக் கணித்துப் பெற்றமை விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் கணினியொன்றை வாங்கி நடத்தும் செலவு அந்நாளில் மலையளவாயிருந்தது; வைத்திருப்பவரிடம் கூலி கொடுத்து வேலை வாங்குவதே மற்றையோருக்கு இலாபமாயிற்று.

அதே 1951ஆம் ஆண்டிலே, அத்திலாந்திக் கடலின் மறுகரையில் வேறொரு முயற்சி தொடங்கியது. நியூ யோர்க் மாநிலத்தில் காளான் விளைவித்துப் பொருளீட்டிய ஹெர்மன் நௌஸ்ட் என்பவர், இரும்பு அகழ்ந்து தீர்ந்த சுரங்கம் ஒன்றைக் காளான் வளர்ப்பதற்காக 1936இல் 9,000 டொலருக்கு வாங்கியிருந்தார். பின்னர் காளான் வாணிகம் நலிந்தது. அணுகுண்டு அச்சமோ மக்களைப் பற்றிக்கொண்டது. அவர் அச்சுரங்கத்துக்குப் பெட்டகக் கதவு இட்டு, வணிக நிலையங்களின் பத்திரங்களைப் பேணும் காப்பகமாக மாற்றினார். நியூ யோர்க் நகரத்துச் சேமிப்பு வங்கி ஒன்று, தன் வைப்புக் கணக்குகளின் நுண்படச் சுருள்களையும் வாடிக்கையாளரின் கையொப்ப அட்டைப் படிகளையும் கவச வண்டிகளில் ஏற்றி அங்கே அனுப்பியது. அயன் மவுண்டன் என்னும் பெயருடன் அக்கம்பனி இன்றும் நிலைத்திருக்கின்றது. இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வங்கி தன் மூல ஏட்டைச் சுரங்கத்துக்கு அனுப்பவில்லை, படியையே அனுப்பியது. மூலம் நகரத்தில் இருந்தது. படி மலையில் இருந்தது. இரண்டும் ஒரே நாளில் அழிந்துபோகா என்பதே அவ்வேற்பாட்டின் அடிப்படை.

இனி, ஏட்டைத் தாங்கும் பொருள் மாறிய கதையைக் காண்போம். 1956இல் ஐ. பி. எம். கம்பனி ரமாக் என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. இரண்டு அடி விட்டமுள்ள 50 காந்த வட்டுகள் அதிலே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்ட எழுத்துக்கள் 50 இலட்சம். களஞ்சியப் பகுதியின் நிறை ஒரு தொன்னுக்கு மேல். முழுத் தொகுதிக்கும் மாத வாடகை 3,200 டொலர். ஆயினும் வணிகர் அதனை விரும்பினர். ஏனெனில், நாடாச் சுருளிலே ஒரு கணக்கைத் தேடுவதற்குத் தொடக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டு போக வேண்டும். வட்டிலோ வேண்டிய பக்கத்தை நேரே திறந்து பார்க்கலாம்.

1961இல், மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் நூற்றாண்டு விழாவிற் பேசிய ஜோன் மக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுச் சேவையாக அமைதல் கூடும் என்றார். அப்பத்தாண்டு முடியுமுன்னரே, ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற கம்பனிகள் தம் பெருங்கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பலருக்கும் நேரம் பகிர்ந்து வாடகைக்கு விட்டன. ஆனால் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. 1981இல் ஐ. பி. எம். கம்பனி தன் தனியாட் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணினி மலிவடைந்ததும், வெளியே சென்ற கணக்கேடு மீண்டும் கந்தோருக்குத் திரும்பியது. ஒவ்வொரு கம்பனியும் தனக்கெனச் சேவையக அறை ஒன்றை அமைத்துக் குளிரூட்டி, காவல் வைத்து, பழுது பார்ப்போரையும் வேலைக்கு அமர்த்தியது. நாளடைவில் அச்செலவே பெருஞ் சுமையாயிற்று. பண்டிகைக் காலத்து வியாபாரத்துக்குப் போதுமான வட்டுகளை வாங்கினால், ஆண்டின் எஞ்சிய நாட்களில் அவை வெறுமனே கிடந்தன. குறைவாக வாங்கினால், வேண்டிய வேளையில் இடம் போதவில்லை.

இந்நிலையிலேதான் அமேசன் கம்பனி முன்வந்தது. 1994இல் தொடங்கி, இணையத்தின் வழியே புத்தகம் விற்று வளர்ந்த அக்கம்பனி, 2006ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி எஸ்-3 என்னும் களஞ்சியச் சேவையைத் திறந்தது. ஒரு கிகாபைட், அதாவது ஆங்கில எழுத்துக்கள் 100 கோடி கொள்ளும் இடத்துக்கு மாத வாடகை 15 சதம் என்று விலை குறித்தது. முற்பணம் இல்லை, இவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நேயர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரமாக் இயந்திரம் தாங்கிய 50 இலட்சம் எழுத்துக்களை இக்களஞ்சியத்தில் வைத்திருக்க, ஒரு சதத்தின் பத்தில் ஒரு பங்கு கூட மாதந்தோறும் வேண்டியதில்லை. மைக்ரோசொப்ட், கூகிள் முதலிய கம்பனிகளும் பின்னர் இத்துறையிற் புகுந்தன.

வணிகர் ஓர் ஆவணத்தை இக்களஞ்சியத்துக்கு அனுப்பும்போது அஃது ஒரே வட்டில் எழுதப்படுவதில்லை. ஒன்றுக்கொன்று விலகியிருக்கும் பல கட்டிடங்களில், பல வட்டுகளில் அதன் பகுதிகளும் படிகளும் எழுதப்படுகின்றன. ஒரு வட்டுப் பழுதுபட்டால் மற்றையவற்றிலிருந்து அதனை மீட்டுப் புதிய வட்டிலே தானே எழுதிக்கொள்ளும்படி ஒழுங்கு செய்துள்ளனர். சிறிய கடையொன்று இத்தகைய காவலைத் தன் சொந்தச் செலவில் அமைத்துக்கொள்ளுதல் இயலாது. 

வணிகர் இக்களஞ்சியத்தை நான்கு வகையாகப் பயன்படுத்துகின்றனர். கந்தோரிலுள்ள ஏட்டின் காப்புப் படியை அங்கே வைத்தல் ஒன்று. பல ஊர்க் கிளைகளிலுள்ளோர் ஒரே ஏட்டைத் திறந்து வேலை செய்தல் மற்றொன்று. படங்களையும் காட்சிகளையும் பொதுமக்களுக்கு அங்கிருந்தே வழங்குதல் மூன்றாவது. சட்டத்தின்படி ஆண்டுக்கணக்காகப் பேணவேண்டிய பழைய பத்திரங்களை ஒதுக்கி வைத்தல் நான்காவது. இந்நான்காவது தேவைக்காக 2012இல் அமேசன் கம்பனி கிளேசியர் என்னும் சேவையைத் தொடங்கியது. அப்போது வாடகை ஒரு கிகாபைட்டுக்கு மாதம் ஒரு சதமாயிருந்தது. ஆனால் வைத்ததை எடுக்கச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 

நெற்பிளிக்ஸ் கம்பனியின் கதை இங்கு கூறத்தக்கது. திரைப்பட வட்டுகளைத் தபாலில் அனுப்பிவந்த அக்கம்பனியின் தரவுத்தளம் 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பழுதடைந்தது. மூன்று நாட்கள் வாடிக்கையாளருக்கு ஒரு வட்டும் அனுப்ப முடியவில்லை. தன் கட்டிடத்திலுள்ள ஒரே இயந்திரத்தை நம்பியிருத்தல் தகாது என்று கண்ட நிருவாகத்தினர், அமேசனின் மேகத்துக்குக் குடிபெயரத் தொடங்கினர். அவ்வேலை முடிவுற்றது 2016ஆம் ஆண்டு ஜனவரியிலேதான். இதற்கு மாறாக, டிரொப்பொக்ஸ் என்னும் கம்பனி, அமேசனின் களஞ்சியத்தில் வைத்திருந்த தன் வாடிக்கையாளரின் கோப்புகளிற் பெரும்பகுதியைத் தான் கட்டிய களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டதாக 2016இல் அறிவித்தது. சிறியவனுக்கு வாடகை வீடு இலாபம். குடும்பம் பெருகியவனுக்குச் சொந்த வீடு இலாபம் என்ற பழைய கணக்கு இங்கும் மாறவில்லை.

அடைக்கலம் கொடுத்த பொருளுக்கு நேர்ந்த ஆபத்துக்களையும் இனிக் கூறுதல் வேண்டும். 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில், நிர்வானிக்ஸ் என்னும் அமெரிக்கக் களஞ்சியக் கம்பனி தன் வாடிக்கையாளரை நோக்கி, ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குள் உங்கள் தரவுகளை எடுத்துக்கொண்டு செல்லுங்கள் என்று அறிவித்தது. அடுத்த மாதம் முறிவு நிலையைப் பதிவு செய்தது. 2014ஆம் ஆண்டு யூனில், கோட் ஸ்பேசஸ் என்னும் கம்பனி அமேசன் களஞ்சியத்தில் வைத்திருந்த கணக்கின் திறவுகோல் கள்வன் ஒருவனின் கைக்குச் சென்றது. கேட்ட பணம் கிடையாமையால், அவன் மூலத்தையும் படியையும் அழித்தான். இரண்டும் ஒரே திறவுகோலுக்குள் இருந்தமையால், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அக்கம்பனியின் வாழ்வே முடிந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி பிரான்சு நாட்டின் ஸ்ராஸ்பேர்க் நகரில் ஓ. வி. எச். கம்பனியின் தரவு நிலையம் தீப்பற்றியது. ஒரு கட்டிடம் முற்றாக எரிந்தது. தம் படியும் அதே வளவிற்குள் இருந்ததைப் பல வாடிக்கையாளர் அன்றுதான் அறிந்தனர்.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இலங்கை அரசாங்கத்தின் மேகக் களஞ்சியத்தைக் கப்பம் கோரும் கள்வர் தாக்கினர். அரச நிறுவனங்களின் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் மீளாமற் போயின. அக்காலப் பகுதிக்கு வேறிடத்திற் படி இருக்கவில்லை. தொழினுட்பத்தில் முதன்மை பெற்ற தென் கொரியாவிலும் 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் அரச தரவு நிலையம் தீப்பற்றியபோது, அரச அலுவலரின் 858 டெராபைட் ஆவணங்கள் அழிந்தன. அளவு மிகப் பெரிது என்று கருதி அவற்றுக்குப் படி எடாதிருந்தனர்.

இவற்றோடு வைத்து எண்ணத்தக்கது அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் அனுபவம். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், கூகிள் கம்பனியின் அமைப்பிலே நேர்ந்த தவறொன்றினால், அந்நிதியம் அங்கே வைத்திருந்த கட்டமைப்பு முழுவதும், வேறிடத்தில் இருந்த அதன் இணைப்படியும் சேர்ந்தே அழிந்தன. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர் ஒரு வாரத்துக்கு மேலாகத் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாது தவித்தனர். ஆயினும் பணம் காணாமற் போகவில்லை, கணக்கும் மீண்டது. காரணம் யாது? முன்யோசனையுள்ள அந்நிதியத்தார் இன்னொரு படியை முற்றிலும் வேறான ஒரு கம்பனியிடம் வைத்திருந்தனர். காளான் சுரங்கத்துக்குப் படியனுப்பிய வங்கியின் அறிவு, 70 ஆண்டுகளுக்குப் பின்னரும் அவர்களைக் காத்தது.

களவும் தீயும் அன்றிச் சட்டத்தின் கேள்வியும் ஒன்றுண்டு. ஏடு எந்நாட்டு மண்ணில் இருக்கின்றதோ அந்நாட்டுச் சட்டமா, அதனைப் பேணும் கம்பனியின் நாட்டுச் சட்டமா அதனை ஆள்வது? அயர்லாந்தில் வைத்திருந்த மின்னஞ்சல்களைத் தருமாறு அமெரிக்க நீதிமன்றம் 2013இல் கட்டளையிட, மைக்ரோசொப்ட் கம்பனி அதனை எதிர்த்து வழக்காடியது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2018இல் அமெரிக்கப் பாராளுமன்றம் புதிய சட்டமொன்றை இயற்றியது. அதன்படி, தரவு எந்நாட்டில் இருப்பினும் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கம்பனி முறைப்படியான கட்டளைக்கு இணங்க அதனைக் கொடுத்தல் வேண்டும். இலங்கையும் 2022இல் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியுள்ளது. பிறர் விபரங்களை வெளிநாட்டுக் களஞ்சியத்தில் வைக்கும் வணிகர், தாம் வைப்பது தம் பொருள் மட்டுமன்று, தம்மை நம்பிய வாடிக்கையாளரின் பொருளும் என்பதை நினைவிற் கொள்வாராக.

அங்ஙனமாயின் மேகக் களஞ்சியத்தை விலக்குதல் வேண்டுமோ? வேண்டியதில்லை. சிறு கடையின் கணினி கறையானுக்கும் வெள்ளத்துக்கும் கள்வனுக்கும் ஆளாவதை நோக்க, தேர்ந்த காவலருடைய களஞ்சியம் எத்துணையோ நன்று. ஆனால் காவலை வாடகைக்குப் பெறலாமேயன்றிப் பொறுப்பை வாடகைக்கு விடுதல் இயலாது. முக்கியமான ஏட்டுக்கு இரண்டாவது படி ஒன்று வேறிடத்தில், வேறொருவர் காவலில், வேறொரு திறவுகோலுக்குள் இருத்தல் வேண்டும். அப்படியிலிருந்து ஏட்டை மீட்டெடுக்க முடியுமா என்று ஆண்டில் இரண்டொரு முறையேனும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். ஒரு களஞ்சியத்தில் ஏட்டை வைக்குமுன், அங்கிருந்து அதனை எடுத்துச் செல்லும் வழியையும் செலவையும் கேட்டறிதல் வேண்டும்.

படியில்லாத ஏடு எரிந்தால் இழப்பு எத்தகையது என்பதை, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியக் கண்ட நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கட்டிடத்தை மீண்டும் எழுப்பினோம். அங்கே இருந்த ஒற்றைச் சுவடிகளை எழுப்ப இயலவில்லை. ஓலையாயினும் வட்டாயினும் இவ்வுண்மை ஒன்றே. இன்று மாலை கடை பூட்டும் வணிக அன்பர்கள், தம் கணக்கின் இரண்டாவது படி எங்கே இருக்கின்றது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக.