ஃபோர்த் பாலம்

ஃபோர்த் பாலம் என்பது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு மேற்கே, ஃபோர்த் கழிமுகத்தின் குறுக்கே அமைந்துள்ள ரயில் பாலமாகும். 1890 மார்ச் 4 அன்று திறக்கப்பட்ட இப்பாலத்தில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன. 2015இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இதன் படத்தைப் பார்ப்பவருக்கு, ஒரு பாலத்துக்கு இவ்வளவு எஃகு எதற்கு என்று தோன்றும். அதற்கான விடை, இதற்கு வடக்கே நிகழ்ந்த ஒரு விபத்தில் இருக்கிறது.

டே பாலத்தின் வீழ்ச்சி

டண்டீ நகரருகே டே கழிமுகத்தின் மேல் தாமஸ் பௌச் என்னும் பொறியாளர் வடிவமைத்த பாலம் 1878இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விக்டோரியா அரசி அதன் வழியே பயணம் செய்தார். பௌச்சுக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது. 1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு வீசிய புயலில் பாலத்தின் நடுப்பகுதி, அதன்மேல் சென்ற ரயிலோடு நீரில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. காற்றழுத்தத்துக்கெனத் தனிக் கணக்கு போடப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. வார்ப்பிரும்புத் தூண்களின் பிணைப்புகளும் வலுவற்றிருந்தன.

ஃபோர்த்தின் மேல் தொங்கு பாலம் கட்டும் பணியும் பௌச்சிடமே இருந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டது. 1880 அக்டோபரில் அவர் காலமானார்.

புதிய வடிவமைப்பு

பொறுப்பு ஜான் ஃபௌலர், பெஞ்சமின் பேக்கர் ஆகியோரிடம் வந்தது. இம்முறை சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. அவர்கள் தேர்ந்தெடுத்தது கேண்டிலீவர் எனப்படும் நெடுங்கை முறை. சுமார் 110 மீட்டர் உயரமுள்ள மூன்று கோபுரங்கள் இருபுறமும் கைகளை நீட்டி நிற்கின்றன. எதிரெதிர்க் கைகளின் நுனிகளுக்கிடையே ஒரு சிறு உத்தரம் அமர்கிறது. இவ்வாறு அமைந்த இரு பெரிய கண்களின் அகலம் தலா 521 மீட்டர்.

கோபுரங்கள் அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் உள்ளன. காலை அகட்டி நிற்பவரைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்ப்பது கடினம் அல்லவா? அதே உத்திதான். அமுக்கு விசையைத் தாங்கும் உறுப்புகள் பெரிய குழாய்களாகவும், இழு விசையைத் தாங்குபவை பின்னல் சட்டங்களாகவும் செய்யப்பட்டன.

மூன்று மனிதர்கள்

இதைப் பொதுமக்களுக்கு விளக்க, பேக்கர் 1887இல் ஓர் எளிய செயல்முறையைக் காட்டினார். நாற்காலிகளில் அமர்ந்த இருவர் இரு கைகளையும் நீட்டி, நாற்காலியில் ஊன்றிய கழிகளின் முனைகளைப் பிடித்துக்கொண்டனர். வெளிப்பக்க முனைகளில் செங்கற்கள் கட்டப்பட்டன. உட்பக்க முனைகளுக்கிடையே தொங்கிய பலகையில் கைச்சி வாட்டனாபே என்னும் ஜப்பானியப் பொறியாளர் அமர்ந்தார். அவரது எடையால் கைகள் இழுபட்டன, கழிகள் அமுக்கப்பட்டன, செங்கற்கள் சமன் செய்தன. வகுப்பறையிலும் இதை எளிதாகச் செய்து காட்டலாம்.

கொடுத்த விலை

பாலத்துக்குச் சுமார் 53,000 டன் எஃகும், 65 லட்சம் தறையாணிகளும் தேவைப்பட்டன. பணியின்போது இறந்த தொழிலாளர்கள் 57 பேர் என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் அந்த எண்ணிக்கையை 73 என்று திருத்தினர்.

1943இல் பயன்பாட்டுக்கு வந்த கொல்கத்தாவின் ஹௌரா பாலமும் நெடுங்கை வகையைச் சேர்ந்ததே. டே கழிமுகத்தில் இப்போதுள்ள பாலத்தின் அருகே, விழுந்த பாலத்தின் தூண் அடிகளை இன்றும் காணலாம்.