குழந்தைகள் தோளில் ஏறிய மொழி

ஆங்கில இலக்கியத்தின் வழியாக அயர்லாந்தை அறிந்தவர்களுக்கு அந்த நாடு சில பெயர்களில் அடங்கிவிடுகிறது: யேட்ஸ், ஸிஞ், ஜாய்ஸ், பெக்கெட். இவர்களில் யேட்ஸுக்கு ஐரிஷ் மொழி தெரியாது. ஜாய்ஸ் கல்லூரி நாட்களில் பாட்ரிக் பியர்ஸின் வகுப்பில் சிறிது காலம் ஐரிஷ் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஸிஞ் அரான் தீவுகளுக்குப் போய் அந்த மக்களோடு பேசிப் பழகினார். நாடகம் எழுதியது ஆங்கிலத்தில். பெக்கெட் ஆங்கிலத்தையும் விட்டு பிரெஞ்சுக்குப் போனார். உலக இலக்கியத்துக்கு இவ்வளவு கொடுத்த ஒரு சிறிய நாடு தன் சொந்த பாஷையை என்ன செய்தது என்ற கேள்வி நம் பாடத்திட்டங்களில் எழுவதில்லை. எழுந்தாலும் தயாராக ஒரு பதில் இருக்கிறது: ஆங்கிலேயன் அழித்தான். இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் யோசிக்க வேண்டிய பாதி.

1841-ல் அயர்லாந்தின் ஜனத்தொகை சுமார் 82 லட்சம். 1851-ல் அது 65 லட்சம். இடையில், 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள்; ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அடி அதிகமாக விழுந்தது மேற்கிலும் தெற்கிலும் இருந்த ஏழைக் குடியானவர்கள் மேல். ஐரிஷ் பேசியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். அந்த மொழி தெரிந்தவர்களை 1851 கணக்கெடுப்பு முதல் தடவையாக எண்ணியபோது 15 லட்சம் பேர் மிஞ்சியிருந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு எதிர்காலம் என்பது லிவர்பூலுக்கோ பாஸ்டனுக்கோ போகும் கப்பல். அங்கே இறங்கினால் பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டும்.

1831-ல் அரசு தொடங்கிய தேசியப் பள்ளிகளில் ஐரிஷுக்கு இடமில்லை. ஐரிஷ் வழங்கிய வட்டாரங்களில் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது 1904-ல்தான். ஆனால் பள்ளிக்கூடம் மட்டும் ஒரு பாஷையைக் கொன்றுவிட முடியாது. குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. குழந்தை ஐரிஷில் பேசிவிட்டால் குச்சியில் ஒரு வெட்டு. கடைசியில் வெட்டுகளை எண்ணி அடி. இதில் மனசை உறுத்தும் விஷயம், பல வீடுகளில் அந்த வெட்டைப் போட்டவர்கள் பெற்றோர்கள். தங்களுக்குள் ஐரிஷில் பேசிக்கொண்டே, குழந்தையிடம் தங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார்கள். கெர்ரியில் ஐரிஷ் பேசி வளர்ந்த டானியல் ஓ கானல், அந்தக் காலத்து மக்கள் தலைவர்களில் மிகப் பெரியவர். தம் மொழி மெல்ல வழக்கொழிவதில் தமக்கு வருத்தமில்லை என்ற அபிப்ராயம் அவருக்கு இருந்தது. இந்தப் பெற்றோர்களைத் துரோகிகள் என்று சொல்ல பசி அறியாதவனுக்கு உரிமை கிடையாது. ஆனால் முடிவு எடுத்தவர்கள் பெரியவர்கள், அடி வாங்கியவர்கள் குழந்தைகள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

1893-ல் டக்ளஸ் ஹைடும் வேறு சிலரும் கேலிக் லீக்கைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அது பெரியவர்கள் மாலை நேரத்தில் கூடி மொழி கற்ற இயக்கம். அதன் பலம் அதுதான். 1922-ல் சுதந்திர அரசு வந்ததும் பொறுப்பு மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. தினமும் ஒரு மணி நேரமாவது ஐரிஷ் என்று உத்தரவாயிற்று. மழலை வகுப்புகள் முழுக்க ஐரிஷிலேயே நடக்க வேண்டும் என்றார்கள், வீட்டில் ஒரு ஐரிஷ் வார்த்தை கேட்டிராத குழந்தைகளுக்கும். 1934-லிருந்து 1973 வரை, ஐரிஷில் தேறாதவன் பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவன். 1937-ன் அரசியல் சட்டம் ஐரிஷை முதல் ஆட்சிமொழி ஆக்கியது. ஆனால் சட்டசபையில் விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கச்சேரியும் வியாபாரமும் பத்திரிகையும் ஆங்கிலத்தில். ஆசிரியர் சங்கமே விசாரித்து, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு ஐரிஷில் பாடம் நடத்துவது சரியில்லை என்று 1941-ல் அறிக்கை வெளியிட்டது. அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேற்குக் கடற்கரையோரம் ஐரிஷ் இன்னும் வீட்டு மொழியாக இருந்த பகுதிகளுக்கு கேல்டாக்ட் என்று பெயர். 1930களில் அங்கே ஐரிஷ் பேசும் பள்ளிக்குழந்தை ஒன்றுக்கு வருஷம் இரண்டு பவுன் மானியம் ஏற்பட்டது. அதிகாரி வந்து குழந்தையைப் பேசவிட்டுக் கேட்பார். சரியாகப் பேசினால் பெற்றோருக்குப் பணம். முன்பு ஐரிஷ் பேசியதற்கு அடி, இப்போது ஐரிஷ் பேசியதற்குக் காசு. இரண்டு தடவையும் பரிட்சை குழந்தைக்குத்தான்.

இந்த விபரீதத்தைப் பார்த்தது அரசியல்வாதி அல்ல, ஒரு கலைஞன். ஃப்ளான் ஓ பிரையன் என்று நமக்குத் தெரிந்தவர் வேறொரு புனைபெயரில் 1941-ல் ஐரிஷிலேயே எழுதிய 'அன் பேல் போக்ட்' நாவலில், மானியத்தைத் தலைகீழாக்குகிறார். ஆங்கிலம் பேசும் குழந்தைக்குத் தலா இரண்டு பவுன். வீட்டிலோ குழந்தை போதாது. கிழவர் பன்றிக்குட்டிகளுக்குச் சட்டை மாட்டி இருட்டில் அதிகாரிக்குக் காட்டுகிறார். உறுமல் ஆங்கிலமாக ஏற்கப்படுகிறது. மொழிப்பற்றின் பெயரால் நடந்த கூத்தை அந்த மொழிக்குள்ளிருந்தே ஒருவர் கேலி செய்ய முடிந்தது என்றால், மொழியில் உயிர் இருந்தது என்றுதான் அர்த்தம்.

ஐரிஷ் போனால் என்ன, ஜாய்ஸ் கிடைத்தாரே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதிலாக மார்ட்டீன் ஓ கைனைச் சொல்லலாம். கானமாராவில் 1906-ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர், ஐ.ஆர்.ஏ.வில் இருந்ததற்காக உலகப் போர்க் காலத்தில் முகாமில் அடைக்கப்பட்டவர். அவருடைய 'க்ரே ந கில்ல' 1949-ல் புத்தகமாக வந்தது. நாவலின் பாத்திரங்கள் எல்லோரும் செத்தவர்கள். கல்லறைக்குள் கிடந்தபடி பழைய பகையையும் வம்பையும் கடனையும் ஓயாமல் பேசுகிறார்கள். முழுக்க முழுக்கப் பேச்சு. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது 2015-ல். 66 வருஷம் உலகம் இதை ஆங்கிலத்தில் படிக்கவில்லை. ஆங்கிலம் வழியாக உலகத்தைப் படிக்கிற நாமும்தான். ஒரு பாஷை சுருங்கும்போது இழப்பது எது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

ஓ கைனின் அரசியல் அவருடைய எழுத்திலிருந்து பிரிந்ததல்ல. மொழியைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் பேசுகிறவனுக்கு நிலம் கொடு என்று கேட்ட இயக்கத்தில் அவர் முன்னால் நின்றார். அதன் விளைவாக 1935-ல் கானமாராவின் பாறை நிலத்திலிருந்து 27 குடும்பங்கள் கிழக்கே மீத் மாவட்டத்தின் வளமான மண்ணுக்கு, ராத் கார்னுக்கு, குடிபெயர்ந்தன. அந்த ஊரை அரசு கேல்டாக்ட் என்று ஒப்புக்கொள்ள 1967 ஆயிற்று. ஊரில் இன்றும் ஐரிஷ் இருக்கிறது. 1969-ல் கானமாரா இளைஞர்கள் சிவில் உரிமை இயக்கம் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் உரிமம் இல்லாமலே ஒரு வானொலியை நடத்திக் காட்டினார்கள். 1972-ல் அரசின் ரேடியோ ந கேல்டாக்டா வந்தது. நிலம், வேலை, வானொலி—இவை பெரியவர்கள் தங்களுக்காகக் கேட்டவை.

வடக்கே பெல்ஃபாஸ்டில் நடந்தது இன்னும் விசேஷம். அங்கே ஐரிஷுக்கு அரசு ஆதரவு என்ற பேச்சே இல்லை. 1969-ல் சில குடும்பங்கள் ஷாஸ் ரோட்டில் வீடு கட்டி ஒன்றாகக் குடியேறின. வளர்ந்த பிறகு ஐரிஷ் கற்ற பெற்றோர்கள். வீட்டிலும் வாசலிலும் அதையே பேசுவது என்று முடிவு செய்தவர்கள். 1971-ல் ஒன்பது குழந்தைகளோடு பள்ளி தொடங்கினார்கள். 1984 வரை அரசு அங்கீகாரம் இல்லை. வடக்கில் ஐரிஷுக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து தரும் சட்டம் 2022-ல் இயற்றப்பட்டது.

அதே 2022-ல் தெற்கே எடுத்த கணக்கில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர். முதல் எண்ணை உண்டாக்கியதில் பெரும் பங்கு பள்ளிக்கூடத்துடையது. அதை ஒன்றுமில்லை என்று ஒதுக்க முடியாது. கற்றவர்களில் சிலர்தானே ஷாஸ் ரோட்டில் குடியேறியவர்கள். ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பவர்கள், பள்ளியில் சுமந்ததை வெளியே வந்ததும் இறக்கி வைத்தவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் குழந்தைகளாக இருந்தபோது, அவர்களிடம் அந்த பாஷையை ஒப்படைத்த பெரியவர்களில் எத்தனை பேர் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒரு வாக்கியம் பேசினார்கள்?