பாடசாலைத் தோட்டமும் தோட்டப் பாடசாலையும்

கண்டிப் பக்கத்தில் 'தோட்டம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேயிலை. மரக்கறிப் பாத்தி பிறகுதான். எமது சங்கத்தின் நூறாண்டை எழுதும்போது இந்தச் சொல்லின் கதையையும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

1901 இல் இலங்கைக் கிராமங்களில் பாடசாலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அப்போது பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜே. சி. வில்லிஸ். பாடசாலைத் தோட்டங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் சி. டிரீபேர்க். பிள்ளைகள் மூலம் புதிய பயிர்கள் வீடுகளுக்குப் போகவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் பாத்திக்குப் பெயர்ப்பலகை வைத்தால் அது வாசிப்புப் பாடமாகிறது. விதைத்த திகதியைக் குறித்தால் எழுத்துப் பாடம். நாற்றின் பெயரைப் பிள்ளை வீட்டில் எழுதிக் காட்டினால், பள்ளிக்கூடம் போகாத தாய்க்கும் நாலு எழுத்து அறிமுகமாகும்.

அதே மலைகளில் தோட்டப் பாடசாலையின் நிலை வேறு. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்டத் துரைமாரைப் பொறுப்பாக்கியது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதை இறுக்கி, சிறு பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக்கூடாது என்றது. அப்படியானால் 10 மணிக்குப் பிறகு? லயக் காம்பராவிலோ மரத்தடியிலோ ஒரேயோர் ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் வைத்துக்கொண்டிருப்பார். செடிகொடியைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரியாதது எழுத்து மட்டுந்தான்.

1930களில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்தபோது, பேராதனைக்கு அப்பால் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று நடந்தது. பயிர்ச்செய்கை, சுகாதாரம், ஊர்த்தொழில் இவற்றை ஒட்டியே பாடம். நல்ல யோசனைதான். ஆனால் நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியா என்ற எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். தோட்டத்துப் பெற்றோரைக் கேட்டிருந்தால் இன்னும் உரக்கக் கேட்டிருப்பார்கள்.

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977 இல்.

இன்றும் என்னிடம் வரும் அம்மாமார் சிலர் மருந்துத் துண்டைக் கையிலிருக்கும் பிள்ளையிடம் நீட்டுவார்கள், பிள்ளைதான் வாசிக்கும். அதே அம்மாவிடம் வல்லாரை, பொன்னாங்காணி, லயத்துக்குப் பின்னாலுள்ள பாத்தி என்று பேச்செடுத்தால் நான்தான் குறிப்பெடுக்க வேண்டியிருக்கும்.

எங்கெங்கோ வாழும் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டில் கண்டிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றைத் தெரிந்தெடுப்போம். தகரத் துண்டு, பெயின்ட், விதை, ஆளுக்கொரு கொப்பி, பெரிய செலவில்லை. பிள்ளை பெயர் எழுதட்டும், தாய் நடட்டும், பிறகு இருவரும் மாறிக்கொள்ளட்டும். பாட நேரத்தில் வேண்டாம். ஞாயிறு காலையில், பெரட்டு இல்லாத நாளில் வைத்துக்கொள்ளலாம்.