கெடிலக்கரையில் ஒரு நாள்

பண்ருட்டி என்றவுடன் பலாச்சுளையின் இனிமையே பலர் நாவில் முதலில் ஊறும். வேனிற் காலத்தில் அவ்வூர்ச் சந்தையில் பலாப்பழங்கள் குன்றுபோலக் குவிந்து கிடக்கும். முந்திரியும், நவராத்திரிக் கொலுவை அணிசெய்யும் மண் பொம்மைகளும் அவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பியுள்ளன. விழுப்புரத்திற்கும் கடலூருக்கும் இடையே இருப்புப்பாதையில் செல்வோர் பலர் பண்ருட்டியை ஒரு வாணிக நகரமாக மட்டுமே அறிந்து கடந்து போகின்றனர். அந்நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், தமிழ்ச் சைவத்தின் வரலாற்றையே திருப்பிய ஒரு பெருநகரின் வாயிலில் நிற்கலாம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அந்நகரமே திருவதிகை.

குடமுழுக்கு விழாக்களுக்கு வரும் அன்பர்க்கும், 1956 ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் பல மாவட்டங்களிலிருந்து வந்து நெய்வேலி நகரியத்தில் குடியேறிய குடும்பத்தினர்க்கும், பெரும்பாலும் ஒரு நாள் ஓய்வே வாய்க்கிறது. ஒரு நாளில் எத்தனை கோயில்களைக் காணலாம் என்று கணக்கிட்டு விரைவோர் பலர். அங்ஙனம் விரைந்தால் கோபுரங்கள் கண்ணில் படும்; நெஞ்சில் ஒன்றும் தங்காது. இந்நாட்டில் ஒரு நாளைப் பயன்படச் செலவிட வேறொரு வழி உண்டு. ஒரு தமக்கையும் தம்பியும் வாழ்ந்த வாழ்வின் வழியே ஊர்களைக் காண்பதே அவ்வழி.

திருவாமூர்

வைகறையில் தொடங்க வேண்டிய இடம் திருவாமூர். பண்ருட்டிக்கு அணித்தேயுள்ள இச்சிற்றூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மக்களாகத் திலகவதியாரும் மருள்நீக்கியாரும் தோன்றினர். தந்தை நோயுற்று மறைந்தார். தாயும் அவரைப் பின்தொடர்ந்தார். திலகவதியாருக்கு மணமகனாக உறுதிசெய்யப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உயிர் விடத் துணிந்த அந்த இளம் பெண்ணைத் தடுத்தது சிறுவனாகிய தம்பியின் அழுகையே. அவனுக்காக அவர் உயிர் தாங்கினார். இவ்வூரில் நிற்கும்போது இந்த ஒரு செய்தியை நினைவிற் கொள்வார்க்கு, அதற்குப் பின் காணும் ஒவ்வோரிடமும் பொருளுடையதாகும். அன்று அத்தமக்கை மனம் மாறாதிருந்தால் திருநாவுக்கரசர் என்னும் பெயரைத் தமிழுலகம் கேட்டிராது.

அதிகை வீரட்டானம்

திருவாமூரினின்று திருவதிகைக்கு வருவோர் நண்பகலில் நடை சாத்துவதற்கு முன்னரே கோயிலை அடைவது நலம். கெடில ஆற்றின் வடகரையில் அமைந்த இத்தலம் அட்டவீரட்டங்களுள் ஒன்று. இறைவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களில் இது முப்புரம் எரித்த இடமாகும். நிலம் தேராக, வேதங்கள் குதிரைகளாக, நான்முகன் பாகனாக, மேரு வில்லாக, திருமால் அம்பாக அமைந்தும், அவற்றுள் ஒன்றையும் வேண்டாது, சிரிப்பொன்றினாலேயே பெருமான் முப்புரத்தை நீறாக்கினான் என்பது புராணம். அம்முப்புரத்தை உயிரைப் பற்றிய மும்மலங்களாகத் திருமூலர் கண்டார். தேர்போன்ற தோற்றமுடைய கருவறை விமானமும், அதில் செறிந்த சுதை வடிவங்களும் அந்தப் புராணத்தையே நினைவூட்டுகின்றன. கோபுர வாயிலிலுள்ள நடனச் சிற்பங்களை நின்று காணல் வேண்டும். கருவறையில் பட்டைகளோடு கூடிய பெரிய சிவலிங்கத் திருமேனியாக வீரட்டானேசுவரர் காட்சி தருகின்றார். அம்மை திரிபுரசுந்தரி.

கற்களும் இங்கே வரலாறு பேசும். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட நிருபதுங்க பல்லவன் காலத்துக் கல்வெட்டு இக்கோயிலில் உண்டு. சோழர் காலத்தில் அதிராசமங்கலியபுரம் என்ற பெயரும் இந்நகருக்கு வழங்கியது. முதற் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக விளங்கிய மணவிற்கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன் தில்லையில் செய்த பணிகள் பலரும் அறிந்தவை. அவன் திருவதிகையிலும் மண்டபம் எடுத்தான், பொன் வேய்ந்தான், நாவுக்கரசர்க்குத் திருக்கோயில் அமைத்தான். அத்திருப்பணிகள் செய்யுள் வடிவிலேயே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

பிற்காலத்தில் இவ்வூருக்குப் பெருந்துன்பமும் நேர்ந்தது. கருநாடகப் போர்களின்போது, 1750 ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் படையினர் இக்கோயிலைக் கைப்பற்றி அரணாகக் கொண்டனர். முகம்மது அலியின் படைக்கும் அவர்களுக்கும் இதனருகே போர் நிகழ்ந்தது. மதில்களுக்குள் பீரங்கி முழங்கிய நாள்களையும் கடந்து கோயில் நிலைபெற்றிருக்கிறது.

திருவலகு எடுத்த கை

இக்கோயிலில் அன்பர் பலர் விரைந்து கடந்துவிடும் சந்நிதி ஒன்றுண்டு. அது திலகவதியார் சந்நிதி. தம்பி சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று வாழ்ந்த காலத்தில், தமக்கையார் திருவதிகையை அடைந்து திருமடம் அமைத்துத் தங்கினார். வைகறையில் எழுந்து திருவலகிடுதல், சாணத்தால் மெழுகுதல், பூக்கொய்து மாலை தொடுத்தல் ஆகிய இவையே அவர் செய்த தவம். ஆண்டுகள் பல சென்றன. தம்பியைக் கடிந்து ஒரு சொல் சொன்னதாகவோ, வாதுக்கு அழைத்ததாகவோ வரலாறு இல்லை.

கொடிய சூலைநோய் பற்றியபோது தருமசேனர் தமக்கைக்கு ஆளனுப்பினார். அவ்விடத்திற்குத் தாம் வருவதற்கில்லை என்று அவர் விடை கூறிவிட்டார். பின்னர் நள்ளிரவில் ஒருவரும் அறியாமல் தம்பியே வந்து திருவடியில் வீழ்ந்தார். தமக்கையார் திருநீறு அளித்தார். பொழுது புலருமுன், நாள்தோறும் எடுக்கும் திருவலகையும் மெழுகு தோண்டியையும் அன்றும் எடுத்துக்கொண்டே தம்பியைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார் என்று சேக்கிழார் பாடுகின்றார். அன்று அச்சந்நிதியில் கொல்லிப் பண்ணில் எழுந்த பதிகமே நாலாந்திருமுறையின் முதற்பதிகமாக விளங்குகிறது. நோய் நீங்கியது, மருள்நீக்கியார் நாவுக்கரசரானார்.

அவர் பின்னர்க் கையில் ஏந்திய உழவாரப்படை, தமக்கையின் திருவலகுக்கு இளைய துணை எனலாம். தாண்டகமும் திருவிருத்தமும் பாடிய நாவினை உலகம் போற்றுகிறது. அந்நாவிற்கு முன்னே முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த கையினையும் போற்றவேண்டும்.

அதே ஊரில்

கோயிலைவிட்டு உடனே புறப்படாமல், திருவதிகையிலேயே உள்ள சரநாராயணப் பெருமாள் கோயிலையும் வழிபடல் வேண்டும். திரிபுர தகனத்திற்குத் திருமால் அம்பாக நின்ற தொடர்பை அவர் திருப்பெயரே காட்டும். நரசிம்மர் கிடந்த திருக்கோலத்தில் இங்கே எழுந்தருளியிருப்பது காணுதற்கரிய காட்சி.

நாவுக்கரசரைத் துன்புறுத்திய பல்லவ மன்னன் மனம் மாறிச் சைவம் சார்ந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராணச் செய்தி. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டும் அவன் பிற நெறியினின்று திரும்பியதைக் குறிக்கிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். இடிக்கப்பட்ட அப்பள்ளி எளியதன்று. உலோகவிபாகம் என்னும் சமண நூல் கி.பி. 458 இல் அங்கேதான் எழுதி முடிக்கப்பட்டது. கல்வி செழித்த ஓரிடம் அழிந்ததே என்ற வருத்தமும் காண்பவர் உள்ளத்தில் எழுமாயின் அது பிழையன்று. வரலாற்றின் இரு பக்கங்களையும் அறிந்து வணங்கும் அன்பே முதிர்ந்த அன்பு.

சித்தவடமடம்

பிற்பகலில் காணத்தக்கது, புதுப்பேட்டைப் பக்கத்திலுள்ள சித்தவடமடம். நாவுக்கரசர் காலத்திற்குப் பின் வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவதிகையை நோக்கி வந்தபோது, அப்பர் பெருமான் கையால் உழவாரத் தொண்டு செய்த மண்ணில் தம் கால் படுதல் தகாது என்று அஞ்சி ஊருக்குள் புகாது, அம்மடத்திலேயே இரவு தங்கினார். முதியவர் ஒருவர் வடிவில் வந்த இறைவன், உறங்கிய அவர் தலைமேல் தன் திருவடிகளை வைத்தருளினான். திருவடி தீக்கை என்று சைவர் போற்றும் பேறு இது. ஒரு தொண்டரின் உழைப்பை மற்றொரு தொண்டர் எத்துணை மதித்தார் என்பதற்கு இவ்விடமே சான்று.

மாலையில் கெடில நாட்டை விட்டுக் கிழக்கே கடலூரை அடைந்து, திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலேசுவரர் சந்நிதியில் நாளை நிறைவு செய்யலாம். கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர், கல்லே தெப்பமாகக் கரையேறியது அத்தலத்திலேயாம். தருமசேனராக வாழ்ந்த ஊரே அவரை நாவுக்கரசராக வரவேற்றது.

மற்றுமொரு நாள் கிடைக்கப்பெற்றவர், சுந்தரர் தோன்றிய திருநாவலூரையும், அவரை இறைவன் தடுத்தாட்கொண்ட திருவெண்ணெய்நல்லூரையும் காணலாம். மெய்கண்டார் வாழ்ந்து சிவஞானபோதம் அருளியதும் அவ்வெண்ணெய்நல்லூரே. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் ஊர் திருத்துறையூர். மற்றொரு மாணவர், உண்மை விளக்கம் அருளிய மனவாசகங்கடந்தாரோ திருவதிகையைச் சேர்ந்தவர். ஒரு பெண் பெருக்கித் தூய்மை செய்த முற்றத்தில் பிறந்த பாட்டு, சில நூற்றாண்டுகளுக்குள் அதே வட்டாரத்தில் சாத்திரமாக முதிர்ந்தது.

குடமுழுக்கு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அன்று கலசங்கள் ஒளிரும், மேளங்கள் முழங்கும், மலர்கள் வெளியாகும். அடுத்த நாள் வைகறையில் கோயில் முற்றம் மீண்டும் ஒரு திருவலகுக்காகக் காத்திருக்கும். திருவதிகையை ஒரு நாள் கண்டு திரும்புவோர், தத்தம் ஊர்க் கோயிலில் அத்திருவலகைக் கையில் எடுப்பாராயின், அந்த ஒரு நாள் பயணம் முழுப்பயன் தந்ததாகும். திலகவதியார் திருவடி வாழ்க!