பாலாறும் நம் உரிமையும்

கருநாடகத்து நந்தி மலையில் தோன்றும் பாலாறு, ஆந்திர மண்ணைக் கடந்து, தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, செங்கற்பட்டு வழியே பாய்ந்து, வயலூர் அருகே கடலில் கலக்கின்றது. ஏறத்தாழ 348 கி.மீ. நீளமுடைய இவ்வாற்றில் 222 கி.மீ. தமிழகத்தினது.

ஆண்டின் பெரும்பகுதி மேலே மணலாகக் கிடப்பினும், தோண்டினால் நீர் சுரக்கும் ஆறு இது. 1858இல் வாலாஜாவை அடுத்துக் கட்டப்பெற்ற அணைக்கட்டு, காவேரிப்பாக்கம் முதலிய ஏரிகளுக்கு நீர் தந்தது. ஏரி நீர் வயலை அடைந்தது. அவ்வயலில் உழைத்த நம் முன்னோர்க்கோ ஊர்க்கிணறு மறுக்கப்பட்டது. பொதுக் கிணறுகளும் குளங்களும் சாலைகளும் அனைவர்க்கும் உரியவை என்னும் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல்தான் நிறைவேறியது.

கரையோர நகரங்களில் தோல் பதனிடும் தொழில் ஓங்கியது. தோலைத் தொட்டவரைத் தீண்டத்தகாதவர் என்ற சமுதாயம், அத்தோல் ஈட்டிய பொருளைத் தீண்டத் தயங்கவில்லை. பின்னர் குரோமியமும் உப்பும் கலந்த கழிவு ஊற்றுக்கண்களைக் கெடுத்தது. கிணற்றை அணுகும் உரிமை கிட்டிய நமக்கு, அக்கிணற்று நீர் குடிக்க உதவாததாயிற்று. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என 1996இலும், மீண்டும் 2025இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இளைஞர்களே! தீர்மானமும் தீர்ப்பும் தாமாக ஊர் வந்து சேர்வதில்லை. அவற்றைப் படித்தறிந்து, மனு எழுதி, கேட்டுப் பெறுவோர் வேண்டும். நம் சங்கம் கல்வியை வலியுறுத்துவது இதன்பொருட்டே.