ஏழாம் நம்பர் சட்டையும் காணாமப் போன கம்பெனி டீம்களும்

எங்க வீட்டு பீரோவில் எனக்குன்னு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு தட்டு. அதுல 22 கால்பந்து சட்டை மடிச்சு வெச்சிருக்கேன். போன மாசம் வரைக்கும் 23. அந்த ஒண்ணு போன கதையைத்தான் சொல்ல வந்தேன், ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

மான்செஸ்டர், பார்சிலோனா எல்லாம் என்கிட்ட கிடையாது. அதெல்லாம் முதுகுல மெஸ்ஸி பேரோட ஓசூர் பிளாட்பாரத்துலயே கிடைக்கும். நான் தேடறது யாரும் கேள்விப்படாத டீமோட சட்டை. "பழைய துணிக்காரன்கிட்ட போட வேண்டியதை எதுக்குங்க காசு குடுத்து வாங்கிட்டு வர்றீங்க?" - இது தங்கமணி. பாகலூர்ல ரோஜாத் தோட்டம், தக்காளி விலை, கம்பெனி பஸ் வந்துச்சா வரலையா, இதைத் தவிர வேற பேச்சு கிடையாது. அங்க உக்காந்துகிட்டு இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல?

இங்கிலாந்துல கெட்டரிங் டவுன்னு ஒரு குட்டி கிளப். 1976 ஜனவரியில உள்ளூர் டயர் கம்பெனி ஒண்ணோட பேரை நெஞ்சுல போட்டுக்கிட்டு மைதானத்துல இறங்கினாங்க. பிரிட்டன்ல சட்டையில விளம்பரம் போட்ட முதல் கிளப் அதுதான். சங்கம் உடனே எடுக்கச் சொல்லிடுச்சு. இவங்க 'டயர்ஸ்'ங்கற வார்த்தையில முதல் எழுத்தான 'டி'யை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்தாங்க. கேட்டா, அது 'டவுன்'ல வர்ற டியாம்! என்னா வில்லத்தனம்! கடைசியில அதையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆனா 1977-லயே சங்கம் விளம்பரத்துக்கு அனுமதி குடுத்துடுச்சு. இன்னிக்கு கோடிக்கணக்குல புரள்ற சட்டை விளம்பரத்துக்கு அங்க பிள்ளையார் சுழி போட்டது ஒரு டயர் கடை.

நம்ம பக்கம் இந்தப் பஞ்சாயத்தே வரலை. ஏன்னா இங்க கம்பெனிதான் டீம். பெங்களூர்ல எச்.ஏ.எல். 1940-ல ஆரம்பிச்சது, ஐ.டி.ஐ. 1948-ல. அப்புறம் எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல்.னு வரிசையா வந்துச்சு. பந்து நல்லா ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவில வேலை. காலையில பிராக்டிஸ், அப்புறம் மெஷின் முன்னாடி நிக்கணும். சென்னையிலயும் இதே கதைதான். ஐ.சி.எஃப்., ரயில்வே, மின்வாரியம், இந்தியன் பேங்க்னு பேரை அடுக்கினா லீக் அட்டவணையா, இல்ல வேலைவாய்ப்புச் செய்தியான்னு சந்தேகம் வந்துடும்.

கம்பெனிகளுக்கு முன்னாடியும் பெங்களூர்ல பந்து பிரமாதமாத்தான் ஓடிக்கிட்டிருந்தது. ரோவர்ஸ் கோப்பையை 1891-லேர்ந்து பட்டாளத்து டீம்களே தூக்கிட்டுப் போய்க்கிட்டிருந்தாங்க. 1937-ல அதை முதன்முதலா ஜெயிச்ச இந்திய டீம் பெங்களூர் முஸ்லிம்ஸ். 1938-லயும் அவங்களே. அடுத்து 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். ஜூலை 31-ந் தேதி சுதந்திர இந்தியா ஆடின முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம், பிரான்ஸோட. நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க வெறுங்கால். ரெண்டு பெனால்டியைக் கோட்டை விட்டு 2-1னு தோத்தோம். அந்த ஒத்தை கோலை அடிச்சவர் பேரு சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். இங்கேர்ந்து 40 கிலோமீட்டர் கூட இல்லை. எங்க ஊர்ப் பசங்ககிட்ட அந்தப் பேரைச் சொன்னேன். "சீரியல் ஆக்டரா அண்ணே?"ன்னான் ஒருத்தன்.

சரி, இருபத்து மூணாவது சட்டைக்கு வருவோம். எங்க தெருவில ஒரு பெரியவர் இருந்தார். எண்பதுகள்ல ஒரு பொதுத்துறை தொழிற்சாலையில பந்து ஆடியே வேலைக்குச் சேர்ந்தவர். வலது ஓரத்துல ஓடற ஆள். டீமைக் கலைச்சாங்க, கொஞ்ச வருஷத்துல அவர் வேலை பார்த்த பிரிவையும் மூடினாங்க. அவர் விருப்ப ஓய்வு வாங்கிட்டு ஊருக்கே வந்துட்டார். நான் சட்டை சேக்கறது தெரிஞ்சு ஒருநாள் மஞ்சப்பையில கொண்டாந்து குடுத்தார். காசு வாங்க மாட்டேன்னுட்டார்.

பருத்தித் துணி. நீலமா பச்சையான்னு சொல்ல முடியாத அளவுக்கு வெளுத்திருந்தது. இப்பல்லாம் நம்பரை அச்சடிச்சுடறாங்க. இதுல வெள்ளைத் துணியை 7-னு வெட்டி, தையக்காரர் மிஷின்ல ஓட்டியிருந்தார், கொஞ்சம் கோணலா. இடது தோள்ல செம்மண் கறை. "கடைசி மேட்ச்ல உழுந்தது தம்பி. அப்புறம் துவைக்கவே இல்லை"ன்னார். நானும் துவைக்கலை.

2010-லேர்ந்து 2012 வரைக்கும் எச்.ஏ.எல். டீம் ஐ-லீக்ல ரெண்டு சீசன் ஆடினப்ப, அதைப் பத்தி என்கிட்ட பேச இருந்த ஒரே ஆள் அவர்தான். 2013-ல பெங்களூரு எஃப்.சி. வந்து முதல் சீசன்லயே ஐ-லீக்கை ஜெயிச்சப்போ, கடையில விக்கிற அவங்க சட்டையைக் காட்டினேன். தடவிப் பாத்துட்டு, "இது ஜனங்க போட்டுக்கிறதுக்கா, ஆடறவன் போட்டுக்கிறதுக்கா?"ன்னு கேட்டார். எங்க காலத்துல சட்டை போடறவன் ஆடுவான்பா, அவ்ளோதான், அப்படின்னார். பணம் வந்தா கிளப் நிலைச்சிடும்னும் சொல்ல முடியலையே. கோயம்புத்தூர்ல ஆடின சென்னை சிட்டி 2018-19-ல ஐ-லீக் சாம்பியன். 2021-க்கு அப்புறம் அந்த லீக்ல அவங்களைக் காணோம். அவங்க சட்டை ஒண்ணு பீரோவில இருக்கு.

பெரியவர் போன வருஷம் தவறிட்டார். போன மாசம் அவர் பையன் வந்தார். "அண்ணே, அப்பா டீமோட நின்ன போட்டோ ஒண்ணுகூட வீட்ல இல்லை. அந்த சட்டை உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்க..." மேல கேக்கத் தயங்கறார். எனக்கு என்ன தோணுச்சுன்னு நிஜத்தைச் சொல்லிடறேன். 'எனக்குத்தானே குடுத்தார்'னுதான் தோணுச்சு. "தேடிப் பாத்துட்டு சொல்றேன்"னு புளுகிட்டேன். அது எங்க இருக்குன்னு கண்ணைக் கட்டிக்கிட்டே எடுப்பேன். ரெண்டு நாள் இழுத்தடிச்சேன். அதுவரைக்கும் பழந்துணின்னு சொல்லிக்கிட்டிருந்த தங்கமணிதான் பீரோவைத் திறந்து எடுத்து, மடிச்சு, அதே மஞ்சப்பையில போட்டு கையில குடுத்தாங்க. கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தம்மா வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க, ஒண்ணும் பேசலை.

மறுநாள் காலையில பால் வாங்கப் போறப்ப பாத்தேன். அவங்க வீட்டு மாடிக் கொடியில ஏழாம் நம்பர் சொட்டச் சொட்டத் தொங்குது. சோப்பு போட்டு அடிச்சுத் துவைச்சிருக்காங்க. தோள்ல கறையைக் காணோம்.

டிஸ்கி: இந்தியன் பேங்க் டீமோட பழைய சட்டை யார் வீட்டுப் பரண்லயாவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. தயவுசெஞ்சு துவைச்சுடாதீங்க.