கஞ்சா: எடையும் எல்லையும்

கஞ்சாவுக்குக் கடுந்தண்டனை தருவதை ‘ஆசிய மதிப்பீடுகள்’ என்ற பெயரில் நியாயப்படுத்தும் வழக்கம் ஒன்றுண்டு. மேற்கின் சீரழிவுக்கு எதிராகக் கீழைத்தேயம் எழுப்பிய ஒழுக்கச் சுவராம் அது. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே இந்தச் சொல்லாடல் ஆட்டம் காண்கிறது. ஆசியாவில் செடி பழையது, தூக்குக்கயிறுதான் புதியது.

1893-94இல் காலனிய அரசு அமைத்த கஞ்சா ஆணையம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, மிதமான பழக்கத்தால் பெருந்தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம், வரிபோட்டுக் கட்டுப்படுத்தலாம் என்றது. கருணையால் மட்டும் சொன்னதல்ல, கலால் வருமானக் கணக்கும் அதில் உண்டு. 1925 ஜெனீவா மாநாட்டில் எகிப்தின் வற்புறுத்தலால் கஞ்சா சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961 ஐ.நா. உடன்படிக்கை அதை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. மருத்துவம் சாராத பயன்பாட்டை 25 ஆண்டுகளில் ஒழிக்கச் சொன்னது. காட்மாண்டில் உரிமம் பெற்று நடந்த கடைகள் 1973இல் மூடப்பட்டன. இந்தியா 1985இல் சட்டம் போட்டது; இலையில் அரைக்கும் பாங்கு மட்டும் அதில் தப்பியது. ‘மரபு’ என்கிறார்களே, அதன் வயசு இவ்வளவுதான்.

சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் 1973இல் வந்தது. 1975 திருத்தம் கடத்தலுக்குத் தூக்கைக் கொண்டுவந்தது. அது பின்னர் கஞ்சாவுக்கும் நீண்டது. அங்கே எல்லாவற்றையும் தராசுதான் தீர்மானிக்கிறது. 15 கிராமுக்கு மேல் கையில் இருந்தால் விற்கத்தான் வைத்திருக்கிறாய் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது பிடிபட்டவன் பாடு. கடத்தியது 500 கிராமைத் தாண்டினால் மரணம். மலேசியாவில் இந்த ஊகத்தின் அளவு 200 கிராம். அங்கே கட்டாய மரணதண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும், நீதிபதி நினைத்தால் இன்னும் விதிக்கலாம். இந்தியச் சட்டத்திலோ 1 கிலோவரை ‘சிறு அளவு’, ஓராண்டு வரை சிறை. ஒரே செடி, ஒரே எடை. விமானம் ஏறி இறங்கினால் தண்டனை கழுத்துக்கு வந்துவிடுகிறது.

ஆக, பயணி தன்னோடு எதை எடுத்துப்போகிறான் என்பதைவிட எந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு போகிறான் என்பது முக்கியமாகிறது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பாங்காக் கடையொன்றில் பகிரங்கமாக வாங்கிப் புகைத்த சிங்கப்பூர்க் குடிமகன், ஊர் திரும்பிச் சிறுநீர்ச் சோதனையில் சிக்கினால் சொந்த நாட்டில் குற்றவாளி. வெளிநாட்டில் உட்கொண்டதும் குடிமக்களுக்கு அங்கே குற்றம்தான். எல்லைக்கோடு சோதனைச்சாவடியிலிருந்து நகர்ந்து உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த அதிகாரம் எல்லா உடல்கள்மீதும் ஒரே கனத்தில் இறங்குவதில்லை. 2023 ஏப்ரல் 26 அன்று சிங்கப்பூரில் ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். வழக்கிலிருந்த கஞ்சா 1,017.9 கிராம். அவர் அதைக் கையால் தொட்டதாகக்கூட வழக்கில்லை. இரண்டு தொலைபேசி எண்கள் வழியாகக் கடத்தலோடு இணைக்கப்பட்டார். வாக்குமூலம் எடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்றார். நீதிமன்றம் அதை நம்பவில்லை.

கஞ்சா நல்லதா கெட்டதா என்பதல்ல பிரச்சினை. கெட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஊகத்தில் தொடங்கி எடையில் முடியும் ஒரு விசாரணையில், குற்றம் சாட்டப்பட்டவனிடம் மிச்சமிருப்பது அவன் பேச்சு ஒன்றுதான். அது எந்த மொழியில் பதிவாகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பணத்தாளிலேயே அச்சடித்திருக்கிறான் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். விசாரணை அறைக்குள் அந்தத் தமிழ் இருந்ததா என்று, தமிழில் எழுதுகிற நாம் எத்தனை பேர் கேட்டோம்?